வகுப்பின் முதல் வாரம்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியர் செய்யவேண்டிய பிரதம காரியம், பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டுவதன்று. ஐந்தாண்டுகளாய்ப் பொருள் விளங்காமலே குழந்தைகள் மனனம் செய்துவந்தவை எவையெவையென்று பரிவோடு விசாரித்து அறிவதே என்பது என் திடமான அபிப்பிராயம். 1/320 என்னும் நுண்ணிய பின்னத்துக்கும் முந்திரி என்று பெயரிட்டு, திண்ணைப் பள்ளியில் எண்சுவடியாக ஒப்பித்த நாட்டில், அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளவற்றை மேலும் கீழுள்ளவற்றைக் கீழுமாகச் சேர்த்து, 2/5 என்று தயங்காமல் எழுதிவிடும் குழந்தையைச் சிவப்பு மையால் தண்டித்து என்ன பிரயோஜனம்? ஒரு காகிதத் துண்டை அதன் கையிலேயே கொடுத்து, ஆறு சம பாகங்களாக மடிக்கச் செய்தால், மூன்று பாகமும் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்து பாகமாவதையும், தான் எழுதிய தொகையோ அரையைவிடக் குறைந்துபோன விபரீதத்தையும் அந்தப் பிஞ்சு விரல்களே தொட்டுக் கண்டுகொள்ளும்.