மின்கசிவு என்னும் ஒற்றைச் சொல்

கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தால், மின்கசிவே காரணம் என்று எழுதி முடிக்கும் வழக்கம் தமிழ்ச் செய்தித்தாள்களிலும் அறிக்கைகளிலும் வேரூன்றியுள்ளது. மின்கம்பிகளில் தோன்றும் பழுதுகளோ பலவகையின. நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறும், மின்காப்பிலும் அவ்வாறே.

இரு கம்பிகள் நேரே தொட்டுப் பெருமின்னோட்டம் பாய்வது குறுக்குச்சுற்று. மின்னோட்டத்தின் ஒரு பகுதி உரிய வழியினின்று விலகி நிலத்துக்குச் செல்வது மின்கசிவு. தளர்ந்த திருகின் அடியிலோ, முறிந்த கம்பியின் நுனியிலோ உள்ள சிறு இடைவெளியில் மின்னோட்டம் பொறியாகத் தாவுவது மின்வில். அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான பாகை செல்சியஸ் ஆகும்.

வீடுகளிலும் பள்ளிகளிலும் பொருத்தப்பெறும் எம்.சி.பி. இம்மூன்றாம் பழுதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. மின்னோட்டம் அளவு மிஞ்சினால் அதன் ஈருலோகத் தகடு வளைந்து சுற்றைத் துண்டிக்கும். திடீரெனப் பன்மடங்கானால் மின்காந்தம் துண்டிக்கும். ஆனால் 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொள்ளும் மின்னடுப்பின் கம்பியில் ஓர் இடைவெளி தோன்றி, அங்கே 30 வோல்ட் இழக்கப்படுவதாகக் கொண்டால், மின்னோட்டம் ஏறத்தாழ 4.3 ஆம்பியராகக் குறையும். 16 ஆம்பியர் எம்.சி.பி. வாளாவிருக்கும். கடுகளவு இடத்திலோ ஏறக்குறைய 130 வாட் வெப்பம் எழும். கம்பியின் உறை கருகும். அருகிலுள்ள மரமும் துணியும் பற்றும். சென்ற மின்னோட்டம் அவ்வளவும் திரும்பி வருவதால், 30 மில்லி ஆம்பியர் கசிவையும் உணரவல்ல ஆர்.சி.சி.பி.யும் இதனை அறியாது.

மின்வில்லை அறிவதற்கென்றே அமைந்த துண்டிப்பான்கள் இன்று உள்ளன. நொடிக்கு 50 சுழற்சியுள்ள மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் மின்வில் அணைந்து மீண்டும் மூள்வதால், அலைவடிவில் ஒரு சிறு தட்டைப்பகுதி உண்டாகிறது. அதனுடன் உயர் அதிர்வெண் இரைச்சலும் எழுகிறது. கருவியின் மின்னணுச் சுற்று இவ்வடையாளங்களை இடைவிடாது ஆராய்கிறது. 2013-இல் வெளிவந்த பன்னாட்டுத் தரநிலையின்படி, 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்வில்லை அரை நொடிக்குள்ளும், 32 ஆம்பியர் மின்வில்லை 0.12 நொடிக்குள்ளும் துண்டித்தல் வேண்டும். அமெரிக்க மின்விதித் தொகுப்பின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பு, படுக்கையறைச் சுற்றுகளுக்கு 2002 முதல் இதனைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனின் விதிகள் 2022-இல் உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றின் பிளக்குச் சுற்றுகளுக்கு இதனை வற்புறுத்தின.

எனினும், இக்கருவியை எல்லா இடங்களிலும் ஒருசேரப் பொருத்துவது விவேகமாகாது. அதன் விலை அதிகம். மிக்சியின் மோட்டாரிலும் துளைக்கருவியிலும் கார்பன் பிரஷ்கள் இயல்பாகவே பொறி விடும். அதனைப் பழுதெனக் கருதிக் கருவி சில வேளைகளில் வீணே துண்டிக்கும். மேலும், தளர்ந்த இணைப்பு பொறியின்றிச் செந்தணலாய்க் கனன்றால், மின்வில் அறியும் கருவியும் ஏமாறக்கூடும். ஆகவே, மின்கசிவுக் காப்பை முதற்கண் எங்கும் நிறைவு செய்தல் வேண்டும். அடுத்து, இணைப்புத் திருகுகளை ஆண்டுதோறும் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்து இறுக்குதல் வேண்டும். பலர் உறங்கும் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் மரம் மிகுந்த பழங்கட்டடங்களிலும் புதிய கருவிக்கு முதலிடம் தருதல் தகும்.

களப்பணியாளர் அறிக்கையில் மின்கசிவு என்று மட்டும் எழுதுவதால் அடுத்த தீயைத் தடுக்க இயலாது. எந்தக் காப்புக் கருவி துண்டித்தது, எது துண்டிக்கவில்லை, எந்த இணைப்பு கருகியிருந்தது என்பன பதிவாதல் வேண்டும். தீ பரவியபின் உறை உருகியும் கம்பிகளிடையே மின்வில் எழும். ஆதலின் உருகிய செம்புமணி ஒன்றையே தீ தோன்றியதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. ஃபியூஸையும் எம்.சி.பி.யையும் விளக்கும் பாடத்தில், அவை எதனைத் தடுக்கும் என்பதோடு எதனைத் தடுக்கா என்பதையும் கற்பித்தல் வேண்டும். பிளக்கு சூடேறுவது, சுவிட்சில் இரைச்சல் கேட்பது, விளக்கு நடுங்குவது, கருகிய நாற்றம் வீசுவது ஆகியவற்றின் பொருளை அறிந்த மாணவன், எம்.சி.பி. துண்டிக்கட்டும் என்று காத்திரான். சுவிட்சை நிறுத்தி வீட்டாரை எச்சரிப்பான்.