பாட்டி சொன்ன ஜப்பான் ராமாயணம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கூட யாராவது என்னிடம் "ஜப்பான்காரர் எடுத்த ராமாயணம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டிருந்தால், ஆஹா, நம்ம கட்சிக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு என்று சந்தோஷப்பட்டிருப்பேன். யாரும் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சொன்னாலும், "கார்ட்டூனா? குழந்தைங்களுக்கா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2000-களில் மன்னார்குடி வீட்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பாதியிலிருந்து பார்த்த படம் அது. பேர் கூடத் தெரியாது. கும்பகர்ணன் எழுந்து நிற்கிற காட்சி மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. குரங்குகள் எறும்பு மாதிரி அவன் காலடியில் சிதறும். அந்த உருவத்தின் கனத்தை ஒரு பென்சில் கோட்டில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பேர் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. இந்தப் படத்துக்குப் பட்ட அடி கொஞ்சநஞ்சமில்லை. யுகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-ல் இங்கே வந்தது வேறு வேலைக்கு. உத்தரப் பிரதேசத்தில் பி.பி. லால் செய்த அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர், கதையில் விழுந்துவிட்டார். இதை நடிகர்களை வைத்து எடுத்தால் நடிகர்தான் தெரிவார், ராமன் தெரிய மாட்டான், ஆகவே வரைந்து எடுப்போம் என்பது அவர் கட்சி. எனக்கு இது சரி என்றே படுகிறது. அருண் கோவிலை ராமனாகப் பார்த்த தலைமுறை இன்றுவரை ராமன் என்றால் அருண் கோவில் முகத்தைத்தானே நினைக்கிறது!

பத்திரிகையில் செய்தி வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. விசுவ இந்து பரிஷத் ஜப்பான் தூதரகத்துக்குக் கடிதம் எழுதியது. வெளிநாட்டுக்காரன் நம்ம ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று கோபம். கார்ட்டூன் என்றால் கேலி என்றே நம்மூரில் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்த காலம். அரசாங்கத்தோடு சேர்ந்து எடுக்கலாம் என்று பார்த்தார், விவகாரமான விஷயம் என்று அதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஜப்பானிலேயே எடுத்தார்கள். சுமார் 450 கலைஞர்கள், எல்லாம் கையால் வரைந்தது. கூட இயக்கியவர்கள் கொய்ச்சி சசாகியும் நம்ம ராம் மோகனும். ராம் மோகனை இந்திய அனிமேஷனின் தந்தை என்பார்கள். பிலிம்ஸ் டிவிஷனில் டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர். 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் வருகிற கார்ட்டூன் பகுதி அவர் கைவண்ணம்தான்.

படம் முடிந்து இங்கே திரையிடப்பட்டது 1993 ஜனவரியில், டெல்லி திரைப்பட விழாவில். தேதியைக் கவனியுங்கள். 1992 டிசம்பர் 6 முடிந்து ஐந்தே வாரம். நாடு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் ராமன் படத்தை, அதுவும் ஒரு ஜப்பானியரின் சாந்தமான ராமன் படத்தை, யார் தியேட்டருக்குக் கொண்டுவருவார்கள்? விழாவோடு பெட்டிக்குள் போய்விட்டது. அப்புறம் இந்தி டப்பிங் வந்தது. ராமனுக்கு அதே அருண் கோவில் குரல் (நடிகர் வேண்டாம் என்று ஓடியவரை நடிகர் விடவில்லை பாருங்கள்), ராவணனுக்கு அம்ரிஷ் புரி. அதுவும் தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. டிவிதான் காப்பாற்றியது.

2025 ஜனவரி 24-ல் படத்தைத் தூசி தட்டி 4கே-யில் மறுபடி வெளியிட்டார்கள். ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, தமிழ். தமிழ்! ஆனால் நாங்கள் இருப்பது புனே. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் இந்திதான். ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போனேன். வயசு எட்டு. மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம். இரண்டேகால் மணி நேரம் பையன் பாப்கார்னைத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் பிடித்தது என்று வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். 2005-ல் 'ஹனுமான்' ஓடு ஓடென்று ஓடியபின் நம்மூரில் வந்த சாமி கார்ட்டூன்களில் பெரும்பாலும் சாமி என்றால் பொடியன், குறும்பு, நடுவில் ஒரு குத்துப்பாட்டு. குழந்தைக்கு அது போதும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். சாகோவின் படம் குழந்தையைப் பெரிய மனுஷனாக நடத்துகிறது. காடு இருட்டாக இருக்கும், இருட்டாகவே விட்டிருப்பார்கள். ஜடாயு விழும்போது நம்மைச் சிரிக்க வைக்க யாரும் ஓடி வருவதில்லை. ராமன் உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கிற சூப்பர்மேன் இல்லை. ரொம்ப அமைதியான, கொஞ்சம் சோகமான பையன். குறைகளும் உண்டு. ஆங்கில வசனம் மேடை நாடகம் மாதிரி விறைப்பாக இருக்கும். சீதையின் கண் அசல் ஜப்பான் பொம்மைக் கண். முதல் பாதி ஓட்டமாக ஓடும், அயோத்தியில் நின்று அழக்கூட நேரம் தரமாட்டார்கள். இருந்தாலும் என் கணக்கில் இந்தியக் கதைகளை வைத்து வந்த அனிமேஷனில் இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மா.

ஏப்ரலில் அம்மா வந்தாங்க. ரெண்டு மாசம். உங்களில் பல பேர் வீட்டில் இருக்கிற பிரச்சினைதான், வெளியே சொல்ல மாட்டோம். ஜூனியருக்குத் தமிழ் புரியும், பேச்சு வராது. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி. கீழே விளையாட இந்தி. வீட்டில் நானும் தங்கமணியும் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அம்மாவுக்கோ தமிழை விட்டால் வேறு கிடையாது. முதல் ரெண்டு வாரம் பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த பேச்சு: "சாப்டியா கண்ணா?" "ஆங்." "தூக்கம் வருதா?" "நோ பாட்டி." அம்மா ஒருநாள் அடுப்படியில் என்னிடம், "ஏண்டா, நான் அவனுக்கு சோறு போடற ஆயா மாதிரி இருக்கேன்டா" என்றாங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இந்தப் படத்தின் பழைய ஆங்கில டிவிடி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் அம்மா, "அந்தச் சத்தத்தைக் கொறைடா, என்ன பேசறான்னே புரியல. கதை எனக்குத் தெரியாதா?" என்றாங்க. குறைத்தேன். அவ்வளவுதான், அம்மா ஆரம்பித்துவிட்டாங்க.

தாடகை வந்தாள், அம்மா சொன்னாங்க. வில் முறிந்தது, சொன்னாங்க. பாட்டு வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டணும். பாட்டெல்லாம் சமஸ்கிருதம், வன்ராஜ் பாட்டியா இசை. அது அம்மாவுக்குப் பிடித்துப்போச்சு. ராவணன் சீதையைத் தூக்குகிற இடம் வந்ததும், "நிறுத்து நிறுத்து, இது தப்பு" என்றாங்க. ஜூனியர் திரும்பிப் பார்த்தான். "நம்ம கம்பர் அப்படிச் சொல்லல. அவன் சீதையைத் தொடவே இல்ல. குடிசையோட, கீழ இருக்கற மண்ணோட அப்படியே பேத்து எடுத்துட்டுப் போனான்."

"ஹோல் ஹவுஸ்? வித் த கிரவுண்ட்?"

"மண்ணோடடா!"

வால்மீகியில் அவன் தொட்டுத்தான் தூக்குகிறான், படம் அந்த வழியில் போகிறது, கம்பர் அதை மாற்றினார் என்று நான் ஏதோ விளக்கப் பார்த்தேன். ரெண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஜூனியர் ரிமோட்டைப் பிடுங்கி அந்தக் காட்சியை மறுபடி போட்டான். "பாட்டி, மண்ணு எங்கே?" என்றான். கேள்வி தமிழில்! தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. படம் ஓடுவதை விட நிற்கிற நேரம்தான் அதிகம். தமிழ் டப்பிங் எங்கள் ஊரில் கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். டப்பிங்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும், அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அதற்காகத் தமிழ் டப்பிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அது வேண்டும். வெளியூர்க்காரர்கள் பிள்ளைக்குத் தமிழ் வர ஆப், ஆன்லைன் வகுப்பு என்று பணம் கட்டுகிறோம், நானும் ஒரு வருஷம் கட்டினேன். அதில் ஜூனியர் கற்றது அ, ஆ, இ. பாட்டியோடு மூன்று ஞாயிறில் வாதாடக் கற்றுக்கொண்டான். என் யோசனை இதுதான்: வீட்டில் பெரியவர்கள் வந்தால் அவர்களுக்குக் கதை தெரிந்த படமாகப் போடுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கடைசிதான் கஷ்டம்.

மூன்றாவது ஞாயிறு கும்பகர்ணன் எழுந்தான். எனக்கு இப்போதும் கொஞ்சம் சிலிர்க்கிறது. அம்மா அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாங்க. அண்ணன் பண்ணினது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவன். தம்பி வந்து இந்தப் பக்கம் வந்துடு என்று கூப்பிட்டும் போகாதவன். சோறு போட்ட அண்ணனுக்காகச் சாகப் போறோம்னு தெரிஞ்சே போனவன்.

"அவன் குட்டா, பேடா பாட்டி?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. டிவியில் அவன் விழுந்துகொண்டிருந்தான். "நல்லவன்தான்டா கண்ணா" என்றாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கு இதோட போதும், நிறுத்து."

அந்த வாரமே அம்மா ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இந்திரஜித், சஞ்சீவி மலை, ராவணன் எல்லாம் பாக்கி. தியேட்டரில் முழுசாகப் பார்த்தவன்தான் ஜூனியர், முடிவு தெரியும். இருந்தும் டிவிடியைப் போட விடமாட்டேன் என்கிறான். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். போன வாரம் போனில், "பாட்டி, எப்போ வருவே? இந்திரஜித் வெயிட்டிங்" என்றான். 'வருவே' இல்லடா, 'வருவீங்க' என்று திருத்த வாயெடுத்தேன், தங்கமணி தொடையில் கிள்ளினாள்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சு. இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்தான், பார்ப்போம்.