ராசிபுரம் தாண்டாத பேட்டரி



பின்னால் உட்காரும் மனைவியோடு பேச, மூன்று வருடம் முன்பு ஹெல்மெட் இன்டர்காம் ஒரு ஜோடி வாங்கினேன். அப்போதெல்லாம் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறி இறங்கி வீடு திரும்பினாலும் சார்ஜ் மிச்சமிருக்கும். இப்போது சேலத்தில் கிளம்பி ராசிபுரம் தாண்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் தளர்ந்ததில், ஐப்பசி மழையில் என்னுடையது ஊமையாகியும் போனது. (மனைவிக்குப் பெரிய வருத்தமில்லை!)

லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் சோரத்தான் செய்யும். அதில் குறை சொல்ல முடியாது. மாற்றவே முடியாதபடி ஒட்டி மூடி விற்பதுதான் அநியாயம். சர்வீஸில் கேட்டால், "புதுசே வாங்கிக்குங்க சார்" என்கிறார்கள். 'வாட்டர்ப்ரூஃப்' என்பதெல்லாம் அந்த ரப்பர் இறுக்கமாக இருக்கும்வரைதான்.

வாங்கப் போகிறவர்கள், பேட்டரியும் ரப்பர் மூடியும் தனியே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

- வாசகர், சேலம்