போத்தலின் மேலுள்ள பெயரும் போத்தலின் உள்ளிருக்கும் பொருளும்

விஸ்கியை ஆய்ந்தறிந்து பருகுவதையும் பலவகைப் போத்தல்களைத் தேடிச் சேர்ப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். அவர்களைச் செல்வச் செருக்கர் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை. தாம் விலைகொடுத்து வாங்கும் பொருள் எங்கே பிறந்தது, எத்தனை ஆண்டு முதிர்ந்தது, அதனுடன் கலந்தது யாது என்று கேட்டு நிற்கும் ஒரு கூட்டத்தாரின் வழக்கு, அவர்கள் கேட்பது மதுவைப் பற்றியதாயினும், செவிசாய்த்தற்குரியதே. ஸ்கொத்லாந்து விஸ்கியைப் பற்றிய சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைப் பாதி கொடுத்துப் பாதியைப் பறித்து வைத்திருக்கிறது என்பதே எமது முறைப்பாடு.

மது குடியைக் கெடுக்கும் என்று எமக்கு எழுத முனையும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. கெடுக்கும், அதை நாம் மறுக்கவில்லை. வயிறு நிறையக் குடிப்பவனுக்கும் அவனுக்கு ஊற்றிக் கொடுப்பவனுக்கும் வாதாட நாம் வரவில்லை. நாம் ஈண்டு பேசுவது துலிப் மலர்போலக் குவிந்த சிறு கண்ணாடிக் குவளையில் இரண்டொரு தேக்கரண்டியளவு ஊற்றி, அதை ஒரு மணி நேரம் வைத்திருந்து முகர்ந்தும் சுவைத்தும் குறிப்பெழுதும் மனிதரைப் பற்றி.

அவர்கள் அப்படி எதைத் தேடுகிறார்கள்? முளைகட்டிய வாற்கோதுமை, நீர், நொதி ஆகிய மூன்றே மூலப்பொருள்கள். இவற்றிலிருந்து ஐலாத் தீவிலே ஒரு சுவையும் ஸ்பே ஆற்றங்கரையிலே வேறொரு சுவையும் பிறக்கின்றன. ஐலாத் தீவின் லப்ரோய்க், லகவூலின் போன்ற வடிசாலைகள் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பீற் என்னும் கரிமண்ணை எரித்து, அப்புகையிலே உலர்ந்த தானியத்தைக் கொண்டு வடிக்கின்றன. ஆதலால் அவற்றின் விஸ்கியில் புகையும் மருந்துச்சாலை வாசனையும் மணக்கும். முதன்முறை முகர்ந்தவர் முகஞ்சுளிப்பர். மூன்றாம் முறை முகர்ந்தவர் விடமாட்டார். நீர் சில துளி விட்டால் மணம் மேலெழும் என்பது பழையோர் வழக்கு. அந்தப் புகைமணத்துக்குரிய மூலக்கூறு நீர் சேரச்சேரக் குவளையின் மேற்பரப்பை நாடுகிறதென்று 2017 இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணினிக் கணிப்பால் காட்டியபோது, அவ்வழக்குக்கு விஞ்ஞானத்தின் சாட்சியமும் கிடைத்தது.

பீப்பாவின் கதை இதனினும் சுவையானது. பேர்பன் என்னும் தமது விஸ்கியை, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்திலேயே வைக்கவேண்டுமென்று அமெரிக்கர் சட்டமியற்றி வைத்துள்ளனர். ஒருமுறை பயன்பட்ட பீப்பா பேர்பனுக்கு உதவாது. உதவாத பீப்பாக்கள் கப்பலேறி ஸ்கொத்லாந்து சேர்கின்றன. அங்கே பத்தும் இருபதும் ஆண்டுகள் உழைக்கின்றன. ஸ்பெயின் நாட்டு ஷெரி மதுவின் பீப்பாவில் இருந்த விஸ்கி உலர்ந்த முந்திரிகைப் பழத்தை நினைவூட்டும். அமெரிக்கப் பீப்பாவில் இருந்தது வனிலாவை நினைவூட்டும். மரத்தினூடே ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டளவு ஆவியாகிப் போய்விடுகிறது. அதனைத் தேவதைகளின் பங்கு என்பர் ஸ்கொத்லாந்தினர். எந்த நீதிமன்றிலும் ஆஜராகாமலே ஆண்டுதோறும் தம் பங்கைத் தவறாது பெறும் உரிமையாளர் இவர்களைப்போல் வேறு யாரையும் எமது தொழிலில் நாம் கண்டதில்லை.

இத்தனை வேறுபாடும் இடத்தையும் மரத்தையும் காலத்தையும் பொறுத்தனவாயின், அவற்றைப் போத்தலின் முகப்பிலே உண்மையாக எழுதவேண்டும் என்பது நியாயமன்றோ? அந்த நியாயம் எளிதில் வந்ததன்று.

1905 இல் லண்டன் மாநகரின் இஸ்லிங்டன் நகரசபையார் வியாபாரிகள் இருவர்மேல் வழக்குத் தொடுத்தனர். விஸ்கி என்று கேட்டவருக்கு விஸ்கி அல்லாததை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பழைய செப்புக் கலத்தில் வடித்தது மட்டுமா விஸ்கி, அல்லது ஏனியஸ் கொஃபி 1830 அளவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலே மலிவாக வடித்துக் குவித்த தானியச் சாராயமும் விஸ்கியா என்பதே வினா. கொஃபி முன்னர் அயர்லாந்திலே கள்ளச் சாராயம் பிடித்த மதுவரி உத்தியோகத்தர் என்பதை இடையிலே சொல்லிவைக்கிறோம். 1906 இல் நீதிவான் வியாபாரிகளைக் குற்றவாளிகளெனக் கண்டார். மேன்முறையீட்டிலே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து, தீர்ப்பின்றியே வழக்கு முடிந்தது. 1908 இல் அரச ஆணைக்குழு நியமனமாயிற்று. 1909 இல் அறிக்கை வந்தது. இரண்டும் விஸ்கியே என்றது ஆணைக்குழு. பெருமுதலாளிகளாகிய கலப்பு விஸ்கி வணிகர் வென்றனர். இத்தனை ஆண்டு முதிரவேண்டும் என்ற நிபந்தனையைக்கூட ஆணைக்குழு விதிக்கவில்லை.

அந்த நிபந்தனை வந்த வழி விந்தையானது. முதலாம் உலகப் போரின்போது, குடியால் ஆயுத உற்பத்தி கெடுகிறதென்று சினந்த லோயிட் ஜோர்ஜ் 1915 இல் கொண்டுவந்த சட்டம், முதிராத மதுவை விற்கலாகாது என்றது. முதலில் ஈராண்டு, மறுவருடம் மூவாண்டாயிற்று. மதுவை வெறுத்தவரின் கையால் விஸ்கிக்கு அதன் தரக்காப்பு வாய்த்தது! இன்று செல்லுபடியாகும் 2009 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் அந்த மூன்று ஆண்டையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஸ்கொத்லாந்திலே வடித்து, 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாவில், ஸ்கொத்லாந்து மண்ணிலேயே மூன்றாண்டு வைத்து, நூற்றுக்கு 40 வீத மதுசாரத்துக்குக் குறையாமற் போத்தலில் அடைக்கவேண்டும். நீரும் கருக்கிய சீனியின் நிறமும் அன்றி வேறெதுவும் சேரலாகாது. ஆண்டுக் கணக்கைப் போத்தலில் எழுதினால் அது கலவையின் ஆக இளைய துளியின் வயதாகவே இருத்தல்வேண்டும்.

இவ்விதிகளுள் ஒன்றுக்குப் பின்னால் ஒரு கலவரம் உண்டு. கார்டூ என்பது ஒரே வடிசாலையில் வடித்த தனி மோல்ட் விஸ்கி. ஸ்பெயின் நாட்டிலே அதற்குக் கிராக்கி ஏறி, இருப்புப் போதாமற்போகவே, 2003 இல் டியாஜியோ கொம்பனியார் வேறு வடிசாலைகளின் மோல்ட்டையும் கலந்து, கார்டூ என்ற பெயரையே வைத்து, தனி என்ற சொல்லை நீக்கித் தூய என்ற சொல்லை எழுதினர். கலந்ததற்குப் பெயர் தூய்மை! போட்டிக் கொம்பனிகள் ஆர்ப்பரித்தன. மறுவருடமே அக்கலவை மீட்டுக்கொள்ளப்பட்டது. 2009 ஆம் ஆண்டு விதிகள் ஸ்கொச் விஸ்கிப் போத்தலில் தூய மோல்ட் என்ற சொல்லையே தடைசெய்தன. இவ்வளவில் சட்டத்தை நாம் மெச்சுகிறோம்.

இனி, சட்டம் பறித்து வைத்திருப்பதைச் சொல்வோம்.

கொம்பஸ் பொக்ஸ் என்னும் சிறு நிறுவனம் பல வடிசாலைகளின் விஸ்கியை வாங்கிக் கலந்து விற்பது. 2015 இல் தனது இரு கலவைகளிலே எந்த வடிசாலையின் விஸ்கி, எத்தனை வயதினது, நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை முழுவதும் அது வெளியிட்டது. ஸ்கொச் விஸ்கிச் சங்கத்தார் சட்டத்தைச் சுட்டிக் காட்டினர்: ஆக இளையதன் வயதை மட்டுமே சொல்லலாம், ஏனையவற்றின் வயதைச் சொல்வது சட்டவிரோதம். நிறுவனம் அவ்விபரங்களை அகற்ற நேர்ந்தது. ஒன்றும் சொல்லாதிருந்தால் குற்றமில்லை. முழு உண்மையையும் சொன்னால் குற்றம். இதனைவிட விநோதமான நிலைப்பாட்டைச் சட்டப் புத்தகங்களிலே தேடியெடுத்தல் அரிது.

விதிக்குச் சொல்லப்படும் சமாதானம் யாதெனில், ஒரு துளி பழைய விஸ்கியைச் சேர்த்துவிட்டு அதன் வயதைப் பெரிதாக எழுதி மக்களை ஏய்ப்பர் என்பது. ஏய்ப்பவனைத் தடுப்பது சரி. பங்கு விகிதத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதுபவன் யாரை ஏய்க்கிறான்? இவ்விடத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2008 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை நினைவூட்டுவோம். 1968 முதல் இந்தியாவில் விற்பனையான பீற்றர் ஸ்கொற் என்ற விஸ்கியின் பெயரை எதிர்த்து அதே ஸ்கொச் விஸ்கிச் சங்கத்தார் வழக்காடினர். காலந்தாழ்த்தி வந்தீர்கள் என்று நீதிமன்றம் அவர்களைத் திருப்பியனுப்பியது. கூடவே, இவ்வகை மதுவை வாங்குவோர் கல்வியும் செல்வமும் உடையவர். எது எதுவென்று பிரித்தறிய வல்லவர் என்றும் கருத்துரைத்தது. செல்வத்தையும் அறிவையும் ஒன்றாகக் கட்டியது எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் போலிப் பெயரைக் கண்டறிய வல்லவரென ஒரு நீதிமன்றம் மதித்த நுகர்வோரை, வயதும் விகிதமும் எழுதிய உண்மைப் பட்டியலைக் கண்டால் மயங்கிவிடுவாரென்று வேறொரு நாட்டுச் சட்டம் கருதுவது எந்த நியாயம்?

நிறத்தைப் பற்றியும் இவ்வாறே. கருக்கிய சீனியால் நிறமூட்டிய விஸ்கி ஜேர்மனியில் விற்பனையாகும்போது, நிறம் சேர்ந்தது என்ற வாசகம் போத்தலில் இருக்கும். அதே விஸ்கி பிரித்தானியக் கடையில் வாய்மூடி நிற்கும். பொன்னிறம் பழமையின் அடையாளமென்று நம்பி வாங்குபவன் ஜேர்மனியனாயிருந்தால் அறிவான், ஸ்கொத்லாந்தினனாயிருந்தால் அறியான்.

பெயரைக் காக்கும் சட்டம் ஊரைக் காக்கவில்லை என்பதையும் சொல்லாதிருத்தல் கூடாது. 1820 இல் கில்மார்னொக் நகரிலே ஒரு பலசரக்குக் கடையாகத் தொடங்கியது ஜோனி வோக்கர். 2009 ஜூலையில் அந்நகரின் போத்தலடைக்கும் ஆலையை மூடப்போவதாக டியாஜியோ அறிவித்தது. ஏறத்தாழ 700 பேரின் வேலை போகும் என்றறிந்து ஆயிரமாயிரமாக மக்கள் ஊர்வலம் வந்தனர். 2012 இல் ஆலை மூடப்பட்டது. ஸ்கொத்லாந்தின் பெயரை அந்நியர் கவராதவாறு காக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அதே 2009 நவம்பரிலேதான். 2021 இல் எடின்பரோவின் பிரதான வீதியிலே ஜோனி வோக்கரின் பெயரால் எட்டு மாடிக் காட்சிமனை திறக்கப்பட்டது. கில்மார்னொக் மக்களுக்கு அங்கே நுழைவுச் சீட்டு வாங்கும் உரிமை நிச்சயமாக உண்டு.

சேகரிப்போரிடமும் நாம் ஒரு சொல் சொல்லவேண்டும். 2023 நவம்பரில் லண்டன் சொதபீஸ் ஏலத்தில் 1926 இல் வடித்த மக்கலன் போத்தலொன்று 21 இலட்சத்து 87 ஆயிரத்து 500 பவுணுக்கு விலைபோயிற்று. அவ்விஸ்கி அறுபதாண்டு பீப்பாவிலிருந்து 1986 இல் 40 போத்தல்களில் அடைக்கப்பட்டது. அவ்விலைக்கு வாங்கியதை யார் திறந்து பருகுவார்? திறவாத போத்தலுக்கு இவ்வளவு விலையிருந்தால் கள்ளன் சும்மா இருப்பானா? 2017 இல் சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸ் நகரத்து ஹொட்டேலொன்றில், 1878 ஆம் ஆண்டு மக்கலன் எனப்பட்டதில் ஒரு குவளைக்கு ஏறத்தாழ 10,000 பிராங்க் கொடுத்தார் ஒரு விருந்தினர். சோதித்தபோது அது 1970 ஐ அடுத்து வடித்த சாதாரணக் கலவையெனத் தெரிந்தது. மறுவருடம் ஸ்கொத்லாந்து ஆய்வுகூடமொன்றில் 55 அரும்போத்தல்களைச் சோதித்ததில் 21 போலியாகவோ, சொன்ன ஆண்டில் வடிக்காதனவாகவோ இருந்தன. காட்டிக்கொடுத்தது அணுகுண்டு! 1950களின் குண்டுப் பரிசோதனைகள் காற்றிலே கதிரியக்கக் கரியைப் பெருக்கின. அக்காற்றை உண்டு வளர்ந்த வாற்கோதுமையின் மது தன் வயதை மறைக்க இயலாது.

பீப்பாவையே முதலீடாக வாங்கும் ஆசை இப்போது பரவியிருக்கிறது. தொழில்முறையில் ஓர் எச்சரிக்கை: உரிமைச் சான்றிதழ் என்று விற்பவர் அழகாக அச்சிட்டுத் தரும் தாள் உரிமையை மாற்றாது. பீப்பா உண்மையில் இருப்பது வரிக்காவற் பண்டகசாலையில். அப்பண்டகசாலைக்காரருக்கு விற்பவர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒப்படைப்புக் கட்டளையும், அதை ஏற்றுப் பண்டகசாலைக்காரர் தம் பேரேட்டில் உங்கள் பெயரைப் பதிந்ததற்கு அவரே தரும் உறுதியும் கையில் வரும்வரை பணத்தை அவிழ்க்கவேண்டாம்.

எமக்குப் பிடித்த சேகரிப்பு வேறொன்று. நண்பர் சிலர் பணஞ்சேர்த்து ஒரு பீப்பாவை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டதிலிருந்து 1983 இல் எடின்பரோவில் ஸ்கொச் மோல்ட் விஸ்கிச் சங்கம் பிறந்தது. அதன் போத்தல்களில் வடிசாலையின் பெயரில்லை. இலக்கம் மட்டுமே உண்டு. பெயரின் மயக்கமின்றி நாவால் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி அது. பத்துப்பேர் கூடி ஒரு போத்தலைத் திறந்து பங்கிட்டால் மத்தியதர வருமானக்காரனும் பழைய விஸ்கியின் சுவையை அறிவான்; வெற்றுப் போத்தலை உடைத்து எறிந்துவிட்டால் கள்ளனுக்கும் வேலையில்லை.

சட்டத்துக்கு வருவோம். வயதை மறைக்கும் விதி ஐரோப்பிய ஒழுங்குவிதியிலும் பிரித்தானிய ஒழுங்குவிதியிலும் இருந்தது. 2020 இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின், தன் நாட்டுக் கடைகளுக்குரிய விதியைத் திருத்தும் அதிகாரம் அதன் கையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின்மேற் பழிபோட இனி இடமில்லை. இப்போதைக்கு, நுகர்வோர் தாமாகக் கேட்டால் விபரம் தரலாம் என்ற ஒடுங்கிய வழியையே கொம்பஸ் பொக்ஸ் போன்றோர் கைக்கொள்கின்றனர். ஆகவே போத்தலிலுள்ள இலக்கத்தைக் குறித்து நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கும் வழக்கத்தை விஸ்கி அன்பர்கள் ஒவ்வொருவரும் மேற்கொள்ளல் வேண்டும். வேண்டிய திருத்தமோ ஒரு வாக்கியத்தில் அடங்கும்: “கலவையிற் சேர்ந்த எல்லா விஸ்கிகளின் வயதையும் விகிதத்தையும் ஒன்றும் விடாது ஒரே அளவு எழுத்தில் குறிப்பிடுமிடத்து, அவ்வாறு குறிப்பிடல் குற்றமாகாது, நிறம் சேர்த்திருப்பின் அதனையும் குறிப்பிடல் வேண்டும்.”