பாயில் யார் பெயர்?

சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம் நெசவு என்றாலே விசைத்தறிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். சத்தமே இல்லாத இன்னொரு நெசவு பத்தமடையில் நடக்கிறது. 2019-ல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை இந்த ஊர்கள் எல்லாமே திருநெல்வேலி மாவட்டம்தான். பத்தமடை சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும்!

கல்யாணச் சீரில் வைக்கும் பத்தமடைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். மணமக்கள் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் பாயிலேயே நெய்து வரும். எவ்வளவு தேடினாலும் ஒரு பெயர் மட்டும் இருக்காது. நெய்தவர் பெயர்.

அந்தப் பாய்க்குள் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைக்க வேண்டும். பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறியதை மறுபடி நூல் போலக் கீற வேண்டும். இந்த இடத்தில் கை தவறினால் பிறகு எந்த வண்ணமும் காப்பாற்றாது. சிவப்புக்கு ஒரு காலத்தில் பதிமுகக் கட்டை, இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம். பருத்தி நூல்தான் பாவு, கோரைதான் ஊடை. பாவு நெருங்க நெருங்கப் பாய் மெல்லிசாகும், வேலை வாரக்கணக்கில் நீளும். கடைசியில் துணி மாதிரி மடித்து வைக்கலாம். 'பட்டுப் பாய்' என்று பெயர் வந்தது அந்த வழவழப்பால்தான்.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள். வீட்டுத் தரையிலேயே தறி. ஓரத்தில் என்ன கட்டம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதெல்லாம் பல நேரம் வரைபடம் இல்லாமல் மனசிலிருந்தே வருகிறது. இதைக் 'கைத்தொழில்' என்கிறோம். இதையே ஒருவர் கான்வாஸில் செய்தால் 'கலை', மூலையில் கையெழுத்து வேறு!

ஜெர்மனியில் பிறந்த ஆனி ஆல்பர்ஸும் தறியில் உட்கார்ந்தவர்தான். அவர் நெய்த துணிகளை 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாக வைத்தது. அவர் பெயரிலேயே.

பத்தமடைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே என்று கேட்கலாம். நல்லதுதான், போலிகளைத் தடுக்க உதவும். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர், ஆளுக்கு அல்ல. ஒரு பாயில் பல கைகள் படுகின்றன, யார் பெயரைப் போடுவது என்றும் கேட்பார்கள். சினிமாவில் லைட் பிடித்தவர் பெயர்கூட வருகிறதே!

பாய்க்குச் சொல்லும்போது மணமக்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதித்தானே கொடுக்கிறார்கள்? அதே சீட்டில் கீழே இன்னொரு வரி எழுதலாம்: 'ஓரத்தில் நெய்தவர் பெயரும் வேண்டும்.' கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடலாம்.