முதலாமவரும் பதினைந்தாமவரும்

சென்ற வாரம் ஒருநாள் மாலை, கல்லூரி மைதானத்தின் ஓரமாக வந்துகொண்டிருந்தோம். கூடைப்பந்தாட்டப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்த மாணவர் இருவர் தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்தனர். அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றிற் புதிதாகச் சேர்ந்த இளைஞனொருவன் முதலாண்டிலேயே அவ்வணியைத் தூக்கி நிறுத்திவிடுவான் என்பது ஒருவன் கட்சி. அவன் வெறும் ஆரவாரத்திற்கு உரியவன் என்பது மற்றவன் கட்சி. எம்மைக் கண்டதும், “சேர், நீங்களே சொல்லுங்கள்” என்று தீர்ப்பை எம் தலையிற் சுமத்தினர். பந்தைத் தொட்டு இருபதாண்டுகள் கடந்துவிட்ட நாம் என்ன தீர்ப்புக் கூற வல்லோம்? ஆயினும், உண்மையில் நிகழ்ந்த ஒரு கதையை அவர்களுக்குச் சொன்னோம். அதனையே இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கின்றோம். விளையாட்டில் நாட்டமில்லாத தாய்மாரும் இதனைப் படித்தல் நன்று.

கதைக்கு முன் சில செய்திகளைக் கூறுதல் வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர். அவருள் முன்வரிசை ஆட்டக்காரரை நம் பிள்ளைகள் ‘போர்வேட்’ என்பர். பத்தடி உயரத்திலுள்ள வளையத்தின் அருகே நின்று பந்தைச் சேர்த்தலும், சேராது மீளும் பந்தைப் பாய்ந்து பற்றலும், எதிரணியின் நெட்டையரைத் தடுத்தலும் இவர் கடமை. அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆட்டங்களே ஆடிப் பழகிய இளைஞனுக்கு இஃது எத்துணைப் பெருஞ் சுமை என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிந்தெடுக்கும். முன்னைய பருவத்தில் மிகவும் தோற்ற அணிகளுக்கிடையே ஒருவகைத் திருவுளச்சீட்டு நிகழும். அதில் வென்ற அணிக்கே முதலாவது தெரிவு. ஆகவே, முதலாவதாகத் தெரிவாகும் இளைஞன் பெரும்பாலும் நொந்துபோன ஓர் அணிக்கே செல்கின்றான். அவன் கையில் அவ்வணி கொடுப்பது பந்தை மட்டுமன்று. பல்லாண்டுத் தோல்வியின் ஏக்கத்தையுமாகும்.

2013ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் நாள், நியூயோர்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இத்தெரிவு நிகழ்ந்தது. முன்னைய பருவத்தில் 24 ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்த கிளீவ்லாந்து அணி, கனடாவின் ரொறொன்ரோ நகரிற் பிறந்த அந்தனி பெனற் என்னும் இருபது வயது இளைஞரை முதலாவதாகத் தெரிந்தெடுத்தது. முதலிடத்தில் தெரிவான முதற் கனடியர் இவரே. பலரும் எதிர்பாராத தெரிவு இது. அதே நாளில், பதினான்கு பெயர்கள் அழைக்கப்பட்ட பின்னர், பதினைந்தாவதாக மில்வோக்கி அணி ஒரு பெயரைக் கூறிற்று. யானிஸ் அண்டெடோகும்போ என்னும் அப்பெயரை உச்சரிக்கவே பலர் இடர்ப்பட்டனர். நைஜீரியப் பெற்றோருக்குக் கிரேக்க நாட்டின் அதென்ஸ் நகரிற் பிறந்து, சகோதரருடன் தெருவிற் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பிள்ளை அவர். எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்த அவருக்குக் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தது அவ்வாண்டிலேதான். அவர் ஆடி வந்ததும் கிரேக்க நாட்டின் இரண்டாந்தர அணியொன்றில். இருவரும் முன்வரிசை ஆட்டக்காரர்.

முதலாமவருக்கு நேர்ந்தது என்ன? தெரிவுக்குச் சிறிது முன்னர்தான் பெனற்றின் தோளிற் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதனாற் கோடைக்காலப் பயிற்சியை இழந்தார். உடல் கனத்தது. பருவம் தொடங்கியபின் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து ஒன்றேனும் ஓடும் ஆட்டத்திற் கூடையிற் சேரவில்லை. ஏளனம் எழுந்தது. நாட்டின் எல்லாத் திசையிலும் அவர் பெயர் நகைப்பிற்குரியதாயிற்று. தொய்வு நோயும், உறங்கும்போது மூச்சுத் தடைப்படும் நோயும் அவருக்கு இருந்தமை பின்னர் தெரிய வந்தது. ஆனால் நகைத்தவர்கள் வைத்தியர் சொற் கேட்கக் காத்திருப்பவர்களல்லரே! பருவ முடிவில் 52 ஆட்டங்களில் ஆட்டத்திற்குச் சராசரி 4.2 புள்ளிகள் அவர் பெயரில் நின்றன. அடுத்த பருவம் தொடங்குமுன்னரே, 2014 ஓகஸ்டில், அவர் மினசோட்டா அணிக்குக் கைமாற்றப்பட்டார். நான்கு பருவங்களில் நான்கு அணிகள். மொத்தம் 151 ஆட்டங்கள். அத்துடன் அச்சங்கத்தில் அவர் ஆட்டம் முடிந்தது.

பதினைந்தாமவரின் முதலாண்டு மட்டும் ஒளிவீசியதோ? இல்லை. 77 ஆட்டங்களில் ஆட்டத்திற்கு 6.8 புள்ளிகளே அவர் பெற்றார். அவ்வணி 82 ஆட்டங்களில் 15இல் மட்டுமே வென்று, சங்கத்திலேயே மிகத் தாழ்ந்து நின்றது. பதினெட்டு வயதில் அந்நிய நாடு, கடுங்குளிர், பிரிந்திருக்கும் பெற்றோர். ஒரு நாள் கையிலிருந்த பணமனைத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாடகைக் காருக்குப் பணமின்றி ஆட்டக்களத்தை நோக்கிக் குளிரில் ஓடினார் என்பதும், வழியிற் கண்ட தம்பதியர் தம் காரில் ஏற்றிச் சென்றனர் என்பதும் அவர் வாயிலாகவே வெளிவந்த செய்தி. அடுத்த பருவத்தில் அவர் சராசரி 12.7, அதற்கடுத்து 16.9, பின்னர் 22.9. 2019இலும் 2020இலும் சங்கத்தின் தலைசிறந்த வீரர் என்னும் பட்டம் அவரைச் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டு யூலை 20ஆம் நாள், பீனிக்ஸ் அணிக்கெதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகளைக் குவித்து, மில்வோக்கி நகருக்கு 1971இன் பின் முதன்முறையாக வெற்றிக் கிண்ணத்தை ஈட்டிக் கொடுத்தார்.

இவ்விடத்தில், “பார்த்தீர்களா, உழைத்தவன் உயர்ந்தான், மற்றவன் தாழ்ந்தான்” என்று முடித்துவிடுதல் எளிது. அங்ஙனம் முடித்தல் அறமன்று என்பதே எம் எண்ணம். முதலாண்டின் கணக்கை மட்டும் எடுத்து வைத்தால் இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு ஆட்டத்திற்கு மூன்று புள்ளியும் ஆகாது. ஆயின், ஒருவரின் 4.2 தேசிய ஏளனமாயிற்று, மற்றவரின் 6.8 நல்ல தொடக்கம் எனப்பட்டது. ஏன்? ஒருவரின் நெற்றியில் ‘ஒன்று’ என்னும் இலக்கம் ஒட்டப்பட்டிருந்தது. மற்றவரின் நெற்றியில் ஒன்றும் இல்லை. வெற்றியை உடனே விழைந்த அணி ஒன்று; தோல்வியில் அமிழ்ந்து, ‘பையன் ஆடிப் பழகட்டும்’ என விட்டிருந்த அணி மற்றொன்று. முன்னவர் சராசரி பதின்மூன்று நிமிடமளவே களத்தில் நின்றார். பின்னவர் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் நின்றார். பிழை செய்வதற்கும் இடம் வேண்டுமன்றோ? இருவரின் ஆற்றலும் ஒத்ததென்று நாம் சாதிக்கவில்லை. பொறுமை கிடைத்திருப்பின் பெனற் உலகை வென்றிருப்பார் என்றும் கூறவில்லை. ஆனால் ஓர் ஆண்டு என்பது இருவரில் எவரையும் அளந்தறியப் போதிய கோலன்று என்று துணிந்து கூறுவோம்.

இதற்கு வேறு சான்றும் உண்டு. அப்பருவத்தின் சிறந்த புதுவீரர் என்னும் பட்டம் இவ்விருவருக்கும் கிடைக்கவில்லை. பிலடெல்பியா அணியின் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் அதனைப் பெற்றார். பட்டம் பெற்ற மறு பருவத்திலேயே அவரையும் அவ்வணி கைமாற்றிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த டேர்க் நோவிட்ஸ்கி என்பாரின் முதற் பருவச் சராசரி 8.2. அவர் 2007இல் தலைசிறந்த வீரரானார். 2011இல் டலஸ் அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்தார். 2003இல் வந்து முதற் பருவத்திலேயே 20.9 புள்ளிச் சராசரி பெற்ற லெப்ரன் ஜேம்ஸ் போன்றோரும் உளர். ஆனால் அன்னோர் அரிதிலும் அரியர். அரியதை அளவுகோலாக்கி ஏனையோரை அளக்கப் புகுவதே எங்கும் நிகழும் தவறு.

அங்ஙனமாயின், புதியவனிடம் எதனையும் எதிர்பார்த்தல் ஆகாதோ? எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். புள்ளியை எண்ணுமுன், ஐப்பசியிற் செய்த பிழையை மாசியிலும் செய்கின்றானா என்று பார்க்கலாம். பந்து கையில் இல்லாதபோது அவன் எங்கே நிற்கின்றான், தடுத்தாடும்போது காலைச் சோம்பவிடுகின்றானா, தோல்வியின் மறுநாட் காலையிற் பயிற்சிக்கு வருகின்றானா என்று பார்க்கலாம். இவை புள்ளிப் பலகையிற் காணப்படா. பயிற்றுநரின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும்.

நிற்க. இக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே எம் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பல ஆண்டுகளுக்கு முன், புலமைப்பரிசிற் பரீட்சையில் மிகச் சிறந்த புள்ளி பெற்ற ஒரு சிறுவன் எம் வகுப்பிற்கு வந்தான். முதலாந் தவணையிற் கணக்கில் 48 புள்ளியே எடுத்தான். விடைத்தாளைக் கொடுக்கும்போது, “நீயா அந்தப் புலமைப்பரிசிற்காரன்?” என்று வகுப்பு முழுவதும் கேட்கக் கேட்டுவிட்டோம். வகுப்புச் சிரித்தது. அதன் பின் அவன் கையுயர்த்தி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வீட்டிற் தாயார் நோயுற்றுக் கிடந்தமையும், விடியுமுன் எழுந்து தண்ணீர் அள்ளிவிட்டு அவன் பாடசாலைக்கு வந்தமையும் மூன்றாந் தவணையிலேதான் எமக்குத் தெரிந்தன. அவன் நல்லவனாகவே வளர்ந்தான்; உத்தியோகமும் பார்க்கின்றான்; தெருவிற் கண்டால் வணங்கி நலமும் விசாரிக்கின்றான். ஆயினும் அந்தச் சிரிப்பொலியை நாம் மறந்தோமில்லை.

தவணை அறிக்கைகள் வீடுகளுக்கு வரும் காலம் இது. பெற்றோர் முதலிற் பார்ப்பது ‘எத்தனையாம் பிள்ளை’ என்னும் கட்டத்தையே. அதனைப் பார்க்க வேண்டாமென நாம் தடுக்கவில்லை. பார்த்தபின் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, “எது உனக்குக் கடினமாக இருக்கிறது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். மறுமொழி முடியும்வரை பொறுத்திருங்கள்.

மைதானத்து மாணவர் இருவரும் எம் கதையைக் கேட்டு முடித்தபின், “அப்படியானால் யார் கட்சி சரி, சேர்?” என்றனர். “மூன்றாண்டு கழித்து வாருங்கள், சொல்கின்றோம்” என்றோம். அவர்களுக்கு மனநிறைவில்லை. வழக்காடிக்கொண்டே வீட்டுக்குச் சென்றனர்.