இரண்டாண்டு ஒப்பந்தமும் தோட்டத்து வீடும்: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவை, அனுபவம் வேண்டாம், தங்குமிடம் இலவசம் என்று சொல்லும் விளம்பரங்கள் முகநூலிலும் புலனக் குழுக்களிலும் ஓயாமல் சுற்றி வருகின்றன. பட்டம் முடித்துவிட்டு டியூஷன் மையத்தில் காலம் தள்ளும் பிள்ளைகளின் கண்ணில் அவை படாமல் போவதில்லை. வீட்டில் பேச்சு எழுகிறது. சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்கிறார். எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்கிறார். இரண்டும் கேட்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவரை அந்த நாட்டுச் சட்டம் ஆங்கில ஆசிரியராக ஏற்றுக்கொள்கிறதா?

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். நல்ல சம்பளம், இலவச வீடு என்று பெயர் பெற்ற நாடு. அங்கே ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. 2010இல் நடப்புக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தின் வழி, ஆசிரியர் தகுதிச் சான்றுள்ள இந்தியக் குடிமக்கள் துணை ஆசிரியர்களாகப் போகலாம். மலேசியா எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதில் நம்மவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1860இல் மதராசிலிருந்து துரோ என்ற கப்பல் தமிழர்களையும் தெலுங்கர்களையும் டர்பனுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிச் சென்றது. அதே கடற்கரையிலிருந்து புறப்பட்ட வேறு கப்பல்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் ஆட்களை இறக்கின. டர்பனுக்குப் போனவரின் கொள்ளுப்பேத்தி, ஆங்கிலவழியில் படித்ததற்குச் சான்று காட்டினால் சோல் நகரில் ஆங்கிலத் தாய்மொழியாளர். கிள்ளானில் இறங்கியவரின் கொள்ளுப்பேத்தி ஆங்கிலத்தில் எவ்வளவு புலமை பெற்றிருந்தாலும் அந்தத் தகுதிக்குள் வரமாட்டார். இங்கே தாய்மொழியைத் தீர்மானிப்பது கடப்பிதழின் அட்டைதான்.

ஜப்பானில் தடை வேறு வகை. அரசுப் பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு, அந்த மொழியின் வழியாகவே 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டும் படித்தவரால் அதைக் காட்ட முடியாது. சீனாவிலும் மொழி ஆசிரியர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பதுதான் பொதுவிதி. அதோடு 2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் அங்குள்ள டியூஷன் தொழிலே சரிந்து, அதை நம்பியிருந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

2006இல் தெரெங்கானுவில் தொடங்கிய புல்பிரைட் திட்டத்தின் வழி, அமெரிக்கப் பட்டதாரிகள் நம் பள்ளிகளுக்கு ஆங்கிலத் துணை ஆசிரியர்களாக வந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தப் பாதை ஒருவழிப் பாதை.

அப்படியானால் மலேசியருக்குத் திறந்திருக்கும் கதவுகள் எவை? பக்கத்தில் இருப்பவை தாய்லாந்தும் வியட்நாமும். இரண்டிலும் பட்டம் வேண்டும். வியட்நாமில் கற்பித்தல் சான்றிதழும் உறுதி செய்யப்பட்ட ஆவணங்களும் மருத்துவச் சோதனையும் முடித்த பிறகே வேலை பெர்மிட். ஒரு முறைக்கு அதிகம் போனால் 2 ஆண்டு. தாய்லாந்துப் பள்ளிகளில் வேலை செய்ய பி வகை விசா, வேலை பெர்மிட், குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் அனுமதி ஆகியவை தேவை. தாய்மொழியாளர் பட்டியலில் இல்லாதவர்களிடம் டோயிக், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள். மூவெட் முடிவு கையில் இருந்தாலும் இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம்.

சான்றிதழிலும் ரகம் உண்டு. இயங்கலையில் 120 மணி நேரம் என்று சொல்லி விற்கப்படுபவை ஒரு வகை. கேம்பிரிட்ஜின் செல்டா இன்னொரு வகை. அதுவும் 120 மணி நேரம்தான், ஆனால் உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் கற்பித்துக் காட்ட வேண்டும். வகுப்பறையில் நின்று பழகாதவருக்கு முதல் வகைச் சான்றிதழ் பெரிதாக உதவாது.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. இந்த வட்டாரத்தில் விண்ணப்பத்தோடு படம் கேட்பது சாதாரணம். ஆங்கிலம் என்றால் வெள்ளைத் தோல் என்று நினைக்கும் பெற்றோர் இருக்கும்வரை, அவர்களைத் திருப்திப்படுத்த நினைக்கும் பள்ளிகளும் இருக்கும். ஒரே வகுப்புக்கு அமெரிக்கருக்கு ஒரு சம்பளம், பிலிப்பீன்ஸ்காரருக்குக் குறைந்த சம்பளம் என்ற நடைமுறை தாய்லாந்தில் எல்லாருக்கும் தெரிந்தது. மலேசியத் தமிழர் எந்தப் பக்கம் வைக்கப்படுவார் என்பதை ஊகிக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 58 வயது. மூத்த மகள் ஆங்கிலப் பட்டதாரி. டியூஷன் மையத்தில் 1,800 வெள்ளி சம்பளம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைவிட நூறு வெள்ளி கூடுதல், அவ்வளவுதான். தாய்லாந்துப் பள்ளி ஒன்று 24,000 பாட் தருவதாகச் சொல்கிறது. ஒரு வெள்ளிக்கு 8 பாட் என்று போட்டால் 3,000 வெள்ளி. வீட்டில் எல்லாருக்கும் அந்த எண் பெரியதாகத்தான் தெரியும்.

ஊரில் 1,800 வெள்ளியில் இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு போனால் கையில் ஏறக்குறைய 1,600. அம்மா சமையல், சொந்த வீட்டுக் கூரை. பெட்ரோலுக்கும் கைச்செலவுக்கும் 500, பிடிபிடிஎன் கடனுக்கு 150 போனால் 950 மிஞ்சும். இரண்டாண்டில் 22,800. இதற்குமேல், அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து இபிஎஃப் கணக்கில் 10,368 வெள்ளி ஏறியிருக்கும்.

தாய்லாந்தில் வாடகைக்கு 700, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 900, பிடிபிடிஎன் 150 என்று வைப்போம். பல பள்ளிகளின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 10 அல்லது 11 மாதம்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 11 மாதச் சம்பளம், 12 மாதச் செலவு என்றால் இரண்டாண்டில் மிஞ்சுவது 24,000 வெள்ளி. தீபாவளிக்கு வந்து போகும் செலவும் விசாச் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். இபிஎஃப்பில் விருப்பப்பட்டுக் கட்டலாம், ஆனால் முதலாளியின் பங்கு கிடையாது. ஆக, 1,800க்கும் 3,000க்கும் கையிருப்பில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பள்ளியே வீடு கொடுத்தால் மட்டும் கணக்கு திரும்புகிறது. வாடகை 16,800 வெள்ளி மிச்சமாகும். அதனால்தான் விளம்பரத்தில் வரும் இலவசத் தங்குமிடம் ஒப்பந்தத்திலும் எழுத்தில் வர வேண்டும்.

பணத்தைவிடச் சிக்கலானது வீடு. தனியார் துறையில் குறைந்தபட்சப் பணி ஓய்வு வயது 60. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் பெரும்பாலும் வீட்டையும் விட வேண்டியதுதான். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து மகள் திரும்பும் அதே ஆண்டில் அப்பாவுக்கு 60 ஆகிறது. குடும்பம் அப்போது வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், முதலில் கேட்கப்படுவது சம்பளச் சீட்டும் இபிஎஃப் அறிக்கையும். இரண்டாண்டு வெறுமையாகக் கிடக்கும் இபிஎஃப் அறிக்கையையும் தாய்லாந்து வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடன் வாங்குவது எளிதாக இராது. வீட்டில் வேறு சம்பளக்காரர் இருந்தால் இந்தக் கவலை பாதியாகும். இல்லாவிட்டால், போவதற்கு முன்பே கடனுக்கு விண்ணப்பிப்பதா, ஓராண்டில் திரும்புவதா என்று உட்கார்ந்து பேச வேண்டும். கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணலுக்குக் காத்திருப்பவர், அழைப்பு வந்தால் ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க என்ன அபராதம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போகவே கூடாது என்று எந்தப் பெற்றோரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. டியூஷன் மையத்தில் பயிற்சித்தாள் திருத்திக்கொண்டிருப்பவருக்குச் சொந்தமாக ஒரு வகுப்பறை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கல்வியியல் பட்டமோ பிஜிசிஇ போன்ற தகுதியோ ஏற்கெனவே இருப்பவருக்கு, அந்த இரண்டாண்டு அனைத்துலகப் பள்ளிகளில் நுழையப் பயன்படும். தகுதி இல்லாமல் போகிறவருக்கு இரண்டாண்டு அனுபவம் அதே அளவு பயனைத் தராது. திரும்பி வந்ததும் அதே டியூஷன் மையத்தின் படியில் நிற்கவேண்டி வரலாம். அப்படிப்பட்டவர்கள் முதலில் தகுதியை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு போவதே மேல்.

ஆபத்தான விளம்பரங்களை அடையாளம் காண்பதும் இந்தக் காகிதங்களைப் பொறுத்ததுதான். 2022 முதல் கம்போடியா, மியன்மார், லாவோஸ் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசியர்களை மீட்கும் வேலையில் விஸ்மா புத்ரா இறங்க வேண்டியிருந்தது. நல்ல சம்பளம், எளிய வேலை என்ற வாக்குறுதியில் போனவர்கள் அவர்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, எல்லைக்கு அப்பாலுள்ள மியாவாடி பகுதிக்கான மின்சாரத்தையே துண்டித்தது. அதற்கு நேர் இந்தப் பக்கத்தில் இருக்கும் தாய்லாந்து ஊர் மே சோட். பேங்காக்கில் பள்ளி என்று சொல்லிவிட்டு, விமான நிலையத்திலிருந்து பல மணி நேரம் தள்ளி அந்த ஊருக்கு வண்டி அனுப்பினால் ஏறக் கூடாது.

சுற்றுலாப் பயணியாக வந்துவிடு, பெர்மிட்டை அப்புறம் பார்க்கலாம் என்பது முகவர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு. ஹாட்யாய்க்கு அடிக்கடி போய் வரும் வடக்கு மாநிலத்தவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் வேலை பெர்மிட் இல்லாமல் தாய்லாந்தில் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். பிடிபடுவது ஆசிரியர், பள்ளி அடுத்த ஆளை எடுத்துக்கொள்ளும்.

தாய்லாந்தின் பள்ளி ஆண்டு மே மாதம் தொடங்குகிறது. அதற்கு முந்திய சில மாதங்களில்தான் விளம்பரங்கள் குவியும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பள்ளியின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒப்பந்தத்தையும், பி வகை விசாவுக்குப் பள்ளி தரும் கடிதத்தையும் கேட்டு வாங்கி, அவை செல்லுமா என்று பினாங்கிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம். அந்தக் கடிதத்தை அனுப்ப ஒரு வாரத்துக்குமேல் சாக்குச் சொல்லும் பள்ளிக்கு விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.